சிவப்பு இலைக்கு ஆறு புள்ளி

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி பன்னிரண்டு நிமிடம். முன்கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது என் தங்கையின் வாய். ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னம் வரை அதன் குறுக்கே வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. ஓரத்தில் சற்றுக் கிளம்பியிருந்த இடத்தில் இன்னொரு சிறு துண்டைக் குறுக்காக ஒட்டியிருந்தாள். தொழிற்சாலையில் அவள் தரப் பரிசோதகர். எதையும் ஒருமுறை ஒட்டிவிட்டு நம்ப மாட்டாள்.

மூன்று ஆண்டுகளாக அவள் ஒரு பலகை விளையாட்டை உருவாக்கிக்கொண்டிருந்தாள். பினாங்கில் இத்தகைய விளையாட்டுகளை அச்சிட்டு விற்கும் ஒரு சிறிய நிறுவனம் அதை எடுத்துக்கொள்ளலாமா என்று யோசித்தது. அவர்கள் ஒரு சோதனை வைத்திருந்தார்கள். விளையாட்டை முன்பின் பார்க்காத மூன்று பேர் விதிப்புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஆட வேண்டும். உருவாக்கியவர் அதே அறையில் இருக்கலாம். ஆனால் பேசக் கூடாது, விரல் காட்டக் கூடாது. பெருமூச்சு விட்டால் அதையும் குறித்துக்கொள்வார்கள். நான்கு மாதங்களுக்கு முன் நடந்த முதல் சோதனையில் என் தங்கை முப்பத்தொரு முறை பேசினாள். நிறுவனத்துப் பெண் எண்ணி வைத்திருந்தார். இன்னொரு சோதனை தருகிறோம், அதிலும் வாய் திறந்தால் இந்த விளையாட்டை மறந்துவிடலாம் என்று மின்னஞ்சலில் மரியாதையாக எழுதியிருந்தார்கள். அந்த இரண்டாவது சோதனை அன்று காலை பதினொரு மணிக்கு. இடம் சுங்கைப் பட்டாணியில் என் வீட்டு ஹால்.

ஆட்களைப் பிடித்துத் தருவது என் பொறுப்பு. மூன்று பேரையும் நான்தான் தேர்ந்தெடுத்தேன். அவள் அதை இன்னும் மன்னிக்கவில்லை.

விளையாட்டின் கதையைச் சொல்ல வேண்டும். வேலைப் பயிற்சிக்காக அவளை ஜப்பானுக்கு ஐந்து மாதம் அனுப்பினார்கள். மலையடிவாரத்தில் ஒரு சிறு ஊர். இலையுதிர் காலத்தில் ஒருநாள் மதிய இடைவேளையில், அவளோடு வேலை செய்தவர்கள் சாப்பாட்டை முடித்துக்கொண்டு வரிசையாக வெளியே போனார்கள். தீயணைப்புப் பயிற்சி என்று நினைத்து இவளும் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு ஓடினாள். வாகன நிறுத்துமிடத்தின் மூலையில் ஒரு மேப்பிள் மரம். இலையெல்லாம் சிவந்திருந்தது. பத்து நிமிடம் அதைப் பார்த்தார்கள். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு உள்ளே போய் இயந்திரத்தை இயக்கினார்கள். அந்த வழக்கத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயருக்குச் சிவப்பு இலை வேட்டை என்று பொருள். வேட்டை என்றுதான் பெயர், யாரும் எதையும் எடுத்துக்கொண்டு வருவதில்லை.

அந்த ஊரில் பழைய நாட்காட்டி ஒன்றையும் அவளுக்குக் காட்டியிருக்கிறார்கள். ஓராண்டை ஐந்தைந்து நாளாக எழுபத்திரண்டு பருவங்களாகப் பிரித்திருக்கிறார்கள். கீழைக் காற்று பனிக்கட்டியை உருக்கும் பருவம் ஒன்று. மக்கிய புல் மின்மினியாகும் பருவம் ஒன்று. திரும்பி வந்தவள் எழுபத்திரண்டுக்கும் அட்டை வரையத் தொடங்கினாள்.

"நமக்கு எத்தன பருவம் இருக்கு, தெரியுமில்ல?" என்று கேட்டேன்.

"எத்தன?"

"ரெண்டு. மழை பெய்யறது. மழை பெய்யப் போறது."

"அதனாலதான் அண்ணே நம்ம ஆளுங்க எதையும் நின்னு பாக்கறதில்ல" என்றாள். எழுபத்திரண்டு அட்டைகள் பிறகு இருபத்து நான்காயின. அதுவும் அச்சுச் செலவுக்காகத்தான், என் பேச்சுக்காக அல்ல.

விதிகளை எழுதியது நான். முப்பது ஆண்டு பத்திரிகையில் மற்றவர்கள் எழுதியதைச் சுருக்கியவன் என்பதால் அந்த வேலை என்னிடம் வந்தது. விளையாட்டு எளிமையானது. பலகையில் ஒரு மலைப்பாதை. உச்சியில் ஒரு குடில். ஆளுக்கு ஐந்து மேப்பிள் மரங்கள், பத்துக் கிண்ணம் அரிசி. ஓர் அடி நடக்க ஒரு கிண்ணம் அரிசி செலவாகும்; குடிலை அடைந்தவருக்குச் சுற்றுக்கு ஒரு கிண்ணம் கிடைக்கும். அரிசி தீர்ந்தால் ஒரு மரத்தைச் சந்தையில் கொடுத்து இரண்டு கிண்ணம் வாங்கலாம். சந்தையில் கிடக்கும் மரத்தை அதே விலைக்கு யாரும் எடுத்துக்கொள்ளலாம். சந்தை என்பது வழியில் சிக்கிக்கொண்டவர்களுக்காக அவள் வைத்த இரக்கம், அவ்வளவுதான். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பருவ அட்டையைத் திறக்க வேண்டும். இலையுதிர் கால அட்டை வந்தால் எல்லா மரங்களையும் திருப்பி வைக்க வேண்டும். பச்சையாக இருந்தவை சிவப்பாகும். கடைசி ஐந்து அட்டைகளில் ஒன்று பனி. பனி விழும்போது குடிலில் இருப்பவர்களுக்கு மட்டும், கையில் உள்ள ஒவ்வொரு சிவப்பு மரத்துக்கும் ஆறு புள்ளி. மிச்ச அரிசி மூன்று கிண்ணத்துக்கு ஒரு புள்ளி.

இந்த ஆறு புள்ளியை முதல் பக்கத்தில் போட வேண்டும் என்றேன். முக்கியமான செய்தி முதல் பத்தியில் இருக்க வேண்டும் என்பது நான் கற்ற ஒரே பாடம். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசிப் பக்கத்தில் போட்டு, ஆட்டம் முடியும்வரை இதைத் திறக்கக் கூடாது என்று எழுதச் சொன்னாள்.

"செவப்பா மாறுனதும் அவங்களே அத விட மனசில்லாம வச்சுக்குவாங்க அண்ணே. அழகா இருக்கறத எவன் விப்பான்? புள்ளிக்காக வச்சுக்கிட்டா அது வியாபாரம். அதுக்கப்புறம் கடைசிப் பக்கத்தத் தொறந்து பாக்கறப்ப ஒரு சந்தோஷம் வரும்லா."

அவள் சொன்னபடியே எழுதினேன். எனக்கு வேறொன்று தோன்றியது, அதை அவளிடம் சொல்லவில்லை. ஆட்களைத் தேர்ந்தெடுக்கும்போது அது என் மனதில் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

முதல் ஆள் எதிர்வீட்டு அக்கா. ஐம்பத்தாறு வயது. காலையில் பேருந்து நிறுத்தத்தருகே நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோறு விற்பவர். அதற்கு முன் செர்டாங் பக்கத்துத் தோட்டமொன்றில் பதினேழு ஆண்டு ரப்பர்ப் பால்மரம் சீவியவர். இரண்டாவது ஆள் டயர் கடை அண்ணன். கூலிம் ஊரை அடுத்த தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, பள்ளிக்கூடம் போகுமுன் அம்மாவோடு ரப்பர்க் காட்டுக்குப் போய், பால் வடியும் கிண்ணமான மங்கு கழுவியவர். மூன்றாவது ஆள் என் தங்கையின் தொழிற்சாலையில் இன்னொரு பிரிவில் வேலை செய்யும் இருபத்து நான்கு வயதுப் பெண். அவள் ரப்பர் மரத்தைக் காரிலிருந்து மட்டும் பார்த்தவள்.

பதினொரு மணிக்கு நிறுவனத்துப் பெண் வந்தார். பினாங்குச் சீனர், மலாயில் பேசினார். பிளாஸ்திரியைப் பார்த்தார். நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு மூலை நாற்காலியில் உட்கார்ந்தார்.

அக்கா மிஞ்சிப்போன நாசி லெமாக் பொட்டலங்களோடு வந்து உட்கார்ந்தார்.

"என்ன பாப்பா, வாயில? புருஷன் ஒட்டிவிட்டானா?"

என் தங்கைக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அக்காவுக்கு அது தெரியும். தங்கை தலையை மட்டும் ஆட்டினாள்.

"அவங்க பேசக் கூடாதுக்கா" என்றாள் தொழிற்சாலைப் பெண். "ரூல்ஸ்."

"நல்ல ரூல்ஸ். எங்க வீட்டுக்காரருக்கும் ஒண்ணு வாங்கணும்."

விதிப்புத்தகத்தை டயர் கடை அண்ணன் உரக்கப் படித்தார். கடைசிப் பக்கத்தைத் திறக்கக் கூடாது என்ற வரியை இரண்டு முறை படித்தார். "இதுல பகடை இல்லியா?" என்று அக்கா பலகைக்கு அடியில் கூடத் தேடினார். வசந்தத்திலும் கோடையிலும் ஒரு சிக்கலும் இல்லை. மூன்று பேரும் மலையேறினார்கள். மின்மினி அட்டை வந்தபோது தொழிற்சாலைப் பெண் கைப்பேசியில் படமெடுத்தாள். நிறுவனத்துப் பெண் முதல்முறையாகச் சிரித்தார். என் தங்கையின் தோள் சற்று இறங்கியது.

பதினைந்தாவது அட்டை இலையுதிர் காலம். விதிப்படி எல்லோரும் மரங்களைத் திருப்பி வைத்தார்கள். மேசை முழுவதும் சிவந்தது. அந்தச் சிவப்பு நிறத்துக்காக மட்டும் என் தங்கை ஏழு முறை மாதிரி அச்சடித்திருந்தாள்.

அக்கா நாற்காலியிலிருந்து முன்னால் சாய்ந்தார்.

"ஐயோ, எலை செவந்துருச்சி. வித்துரு."

"ஏங்க்கா?" என்றாள் தொழிற்சாலைப் பெண்.

"ஏன்னு கேக்கற. எலை செவந்தா பத்து நாள்ல கொட்டிரும், மரம் மொட்டை. பால் பாதிக்குப் பாதி எறங்கிரும். வேல வாங்கற மண்டோரு வந்து பால் வெட்டறத நிறுத்துன்னுருவான். மார்ச்சு மாசம் முழுக்க எங்க வீட்டுல கருவாடுதான் தெரியுமா? வித்துரு பொண்ணே, இப்பவே."

டயர் கடை அண்ணன் அதற்குள் தன் ஐந்து மரங்களையும் சந்தையில் போட்டுவிட்டு அரிசியை எண்ணிக்கொண்டிருந்தார். "கரெக்ட்டுதான். எங்கம்மா செவப்பு எலையப் பாத்தாலே மளிகைக் கடை மொதலாளி தவுக்கேகிட்ட, கடனுக்காக, சிரிச்சுப் பேச ஆரம்பிச்சுரும்."

"ஆனா அழகா இருக்கேக்கா."

"அழகா இருக்கட்டும். மங்குல என்ன விழுதுன்னு பாரு."

தொழிற்சாலைப் பெண் ஒரு மரத்தைக் கையில் பிடித்தபடி சற்று நேரம் உட்கார்ந்திருந்தாள். பெரியவர்கள் இருவரும் அவளையே பார்த்தார்கள். அவளும் போட்டுவிட்டாள். சந்தையில் பதினைந்து சிவப்பு மரங்கள் குவிந்து கிடந்தன. மூன்று பேரும் அரிசியோடு நிம்மதியாக மலையேறிக் குடிலில் போய்ச் சேர்ந்தார்கள். பனி வருவதற்குள் நாசி லெமாக்கையும் பிரித்துவிட்டார்கள்.

என் தங்கை சுவரோடு சாய்ந்து நின்றாள். பிளாஸ்திரி உள்ளுக்கும் வெளியேயும் போய்ப் போய் வந்தது. ஒரு சத்தமும் வரவில்லை.

பனி அட்டை விழுந்ததும் கடைசிப் பக்கத்தைத் திறந்தார்கள். அண்ணன் படித்தார். ஒவ்வொரு சிவப்பு மரத்துக்கும் ஆறு புள்ளி. அவர் புத்தகத்தைத் திருப்பி மேலட்டையைப் பார்த்தார், மறுபடி உள்ளே பார்த்தார். அண்ணனுக்கு நான்கு புள்ளி, அக்காவுக்கு ஐந்து, தொழிற்சாலைப் பெண்ணுக்கு மூன்று. எல்லாம் அரிசிக்கு வந்தவை.

"எலை செவந்தா ஆறா?" என்றார் அக்கா. "யாரு மரம் இது, எந்த ஊரு?"

நிறுவனத்துப் பெண் எழுந்து வந்து, ஏன் எல்லோரும் விற்றீர்கள் என்று மலாயில் கேட்டார். அக்கா மலாயில் விளக்கினார்: மரம், இலை, பால், மண்டோர், கருவாடு எல்லாவற்றையும். கேட்டு முடித்த நிறுவனத்துப் பெண் நோட்டில் அரைப்பக்கம் எழுதினார். பிறகு இன்னொரு ஆட்டம் ஆடுங்கள் என்றார். இப்போது எல்லோருக்கும் விதி தெரியும் அல்லவா.

இந்த இரண்டாவது ஆட்டத்தைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை.

கோடை தொடங்கியதுமே அக்கா விறுவிறுவென்று நடந்து குடிலில் போய் உட்கார்ந்துகொண்டார். அவ்வளவு சீக்கிரம் உச்சிக்குப் போகக் கூடாது என்று எந்த விதியும் சொல்லவில்லை. அப்படி ஒருவர் போவார் என்று நாங்கள் இருவரும் நினைத்துப் பார்த்ததில்லை. போகிற வழியில் தன் மரங்களில் இரண்டை விற்றிருந்தார்; அங்கே உட்கார்ந்தபடி சுற்றுக்கு ஒரு கிண்ணமாக அரிசியைச் சேர்த்தார். மற்ற இருவரும் பாதி வழியில், மரத்தை இறுகப் பிடித்துக்கொண்டு ஒவ்வோர் அடியாக நடந்துகொண்டிருந்தார்கள்.

இலை சிவந்தது. அக்கா தன் அரிசிக் கிண்ணங்களை எண்ணினார். இரண்டு அட்டை போகட்டும் என்று காத்திருந்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, வெயிலைப் பார்த்தபடி சொன்னார்:

"குளுருது."

அண்ணன் நிமிர்ந்தார். "என்னக்கா?"

"ஒண்ணுமில்ல தம்பி. போன ஆட்டத்துலயும் பனி இந்த நேரத்துலதான் வந்துச்சி."

போன ஆட்டத்தில் பனி கடைசி அட்டையாக வந்தது. நான் குறித்து வைத்திருந்தேன். அண்ணன் குறித்து வைக்கவில்லை.

"குடிலுக்கு இன்னும் ஆறு அடி இருக்கு எனக்கு" என்றார் அவர். "அரிசி ரெண்டுதான்."

"அப்ப மரம் எத்தன இருந்து என்ன? மேல வந்து சேரலன்னா ஒண்ணுக்கும் புள்ளி கெடையாதில்ல? நீதான தம்பி வாசிச்ச." குரலில் அத்தனை அக்கறை. "ரெண்டு மரத்தக் குடுத்துட்டு வந்துரு. மூணு மிஞ்சும்ல."

அவர் இரண்டைக் கொடுத்தார். அடுத்த சுற்றில் அக்கா அந்த இரண்டையும் எடுத்துக்கொண்டார். பிறகு தொழிற்சாலைப் பெண்ணிடம் திரும்பினார்.

"ஒன் காயி எங்கம்மா இருக்கு? அங்கயா? ச்சே ச்சே."

"என்னக்கா ச்சே ச்சே?"

"இல்ல, சின்னப் புள்ள. பனியில மாட்டிக்குமேன்னுதான்."

அவள் மூன்று மரங்களை விற்றாள். மூன்றும் ஒவ்வொன்றாக அக்காவின் பக்கம் போயின. அடுத்த அட்டை வானம் வெளுக்கும் பருவம். அக்கா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். அண்ணன் எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு மரத்தை விற்றார்.

பனி கடைசிக்கு முந்தின அட்டையாக வந்தது. மூன்று பேரும் குடிலில் இருந்தார்கள். அண்ணனிடம் இரண்டு மரம், தொழிற்சாலைப் பெண்ணிடம் இரண்டு. அக்காவிடம் ஒன்பது.

"இது ஏமாத்து வேல" என்றார் அண்ணன். "குளுருதாம். முப்பத்தி நாலு டிகிரி வெயிலு."

"எனக்குக் குளுந்துச்சி."

"பேசிப் பேசியே புடுங்கிட்டீங்க. பேசக் கூடாதுன்னு ரூல் இருக்கா இல்லியா? புக்கக் குடுங்க."

அவர் ஒன்பது பக்கத்தையும் தேடினார். நான் எழுதியவை, எனக்குத் தெரியும். அந்த அறையில் பேசக் கூடாது என்ற விதி ஒரே ஒருவருக்குத்தான் இருந்தது. அவள் சுவரோரம் வாயில் பிளாஸ்திரியோடு நின்றாள். கண் கலங்கியிருந்தது. சிரிப்பினாலா என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

"இன்னொரு ஆட்டம் போடுவோம்" என்றார் அண்ணன். "இந்தத் தடவ நான் மேல போயி உக்காந்துக்கறேன்."

யாரும் கேட்காமலே மூன்றாவது ஆட்டமும் நடந்தது. நான்காவதும் நடந்தது. தொழிற்சாலைப் பெண் அதற்குள் நன்றாகப் பொய் சொல்லக் கற்றிருந்தாள். அண்ணனுக்கு இரண்டு முறை அழைப்பு வந்தது. டயர் கடையில் ஆட்கள் காத்திருக்கிறார்களாம். "சாபார் லா, பொறுங்க, பனி வந்துட்டுப் போவட்டும்" என்று சொல்லிவிட்டு வைத்தார். மதியம் இரண்டு மணிக்கு நிறுவனத்துப் பெண் நோட்டை மூடிவிட்டு, இப்போது பேசலாம் என்று என் தங்கையிடம் சொன்னார்.

அவள் பிளாஸ்திரியை ஒரே இழுப்பில் பிய்த்தாள். அந்த இடம் சிவந்திருந்தது. பிய்த்ததைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டாள்.

நிறுவனத்துப் பெண் மலாயில் விளக்கினார். இதை அச்சிட அவர்களுக்குச் சம்மதம், இரண்டு மாற்றங்களோடு. ஆறு புள்ளி முதல் பக்கத்துக்கு வர வேண்டும். சந்தையில் யாரும் எதையும், உண்மையோ பொய்யோ, சொல்லலாம் என்று ஒரு விதி சேர்க்க வேண்டும். அது இல்லாவிட்டால் அழகான படங்கள் இருக்கும், விளையாட்டு இருக்காது. முதல் ஆட்டத்தில் தான் இரண்டு முறை கைப்பேசியைப் பார்த்ததாகவும், இரண்டாவதில் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை என்றும் சொன்னார்.

"அங்க பத்து நிமிஷம் ஒரு மரத்தப் பாத்தாங்க" என்றாள் என் தங்கை, மலாயில். "யாருமே பேசல. அதுதான் இந்த கேம்."

"நான் நம்பறேன்" என்றார் அவர். "ஆனா இவங்க மூணு மணி நேரமா இந்த மரத்தையே பாத்துக்கிட்டு இருக்காங்க. எனக்கு அது போதும்."

ஒன்பது நாள் அவள் பதில் அனுப்பவில்லை. வேலைக்குப் போனாள், வந்தாள். கம்பெனி பேருந்தில் தொழிற்சாலைப் பெண் பக்கத்தில் உட்கார்ந்து, ஆட்டம் எப்போது அச்சாகும் என்று தினமும் கேட்டிருக்கிறாள். பத்தாம் நாள் மாலை என் வீட்டுக்கு வந்து, அந்தப் புதிய விதியை எழுதித் தரச் சொன்னாள். எழுதினேன். இரண்டு வரி. படித்துவிட்டு மேசையில் வைத்தாள்.

"நல்லா இருக்கு. ஆனா இது என்னோடது இல்ல அண்ணே."

"பின்ன யாரோடது? நீ வச்ச சந்தை."

"நான் சந்தை வச்சேன் சிக்கிக்கிட்டவங்களுக்கு. இது அக்கா கண்டுபிடிச்சது. அவங்க குளுருதுன்னு சொன்னாங்க பாரு, அப்பத்தான் இது கேம் ஆச்சு." தாளை என் பக்கம் தள்ளி, "நான் செய்யாததுக்கு என் பேரப் போட மாட்டேன்" என்றாள். தரப் பரிசோதனைப் படிவத்தில் கையெழுத்துப் போட மறுக்கும்போது அவள் குரல் இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அன்று மாலையே இருவரும் எதிர்வீட்டுக்குப் போனோம். அக்கா மறுநாள் வியாபாரத்துக்கு மிளகாய்ச் சம்பல் கிளறிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னோம். கரண்டியை நிறுத்தவில்லை.

"எம் பேரா? பெட்டியிலயா? எதுக்கு?"

"நீங்க கண்டுபிடிச்சதுக்குத்தான்க்கா."

"நான் என்னத்தக் கண்டுபிடிச்சேன். பொய் சொன்னேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி, பேப்பர்ல வேல பாத்தவரு நீங்க. இதுக்குப் போலீஸ் கேஸ் வருமா?"

வராது என்றேன்.

"அப்ப போட்டுக்க. அடையாள அட்ட ஐசில இருக்கற மாதிரி முழுப் பேரும் போடு. எங்கப்பா பேரும் சேந்து வரட்டும், அவரு ஒண்ணும் செய்யலன்னாலும்."

என் தங்கை பினாங்குக்கு எழுதினாள். இரண்டு மாற்றங்களுக்கும் சம்மதித்தாள். பெயரைப் பற்றித் தன் நிபந்தனையையும் எழுதினாள். அவர்கள் ஒத்துக்கொண்டார்கள். எட்டு மாதம் கழித்து முதல் பெட்டி தபாலில் வந்தது. மூடியில் மலைப்பாதையும் சிவப்பு மரமும் அவள் வரைந்தபடியே இருந்தன. அதற்குக் கீழே, வடிவமைப்பு என்ற சொல்லை அடுத்து, இரண்டு பெயர்கள் அச்சாகியிருந்தன. முதலில் இருப்பது அக்காவின் பெயர்.